வடக்கே தலை வைத்த ஆறு வீடுகள்

இரும்பு ஏணியின் கடைசிப் படியில் நின்றபடியே பார்த்தேன். மொட்டைமாடியில் எங்கள் சோலார் ஹீட்டர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. பொருத்தும்போது நான்தான் கூடவே நின்று, திசைகாட்டியைத் தரையில் வைத்து, தெற்குப் பார்க்க வைத்திருந்தேன். இப்போது அது வடக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறிய களைப்பில் எனக்குத்தான் திசை குழம்பிவிட்டதோ என்று பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தேன். முள் ஆடி நின்றது. குழப்பம் என்னிடம் இல்லை.

பிறகுதான் பக்கத்து மாடியைப் பார்த்தேன். அதற்கடுத்த மாடியையும் பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்த ஆறு வீடுகள், ஆறு மாடிகள், ஆறு ஹீட்டர்கள். ஆறும் வடக்கைப் பார்த்து நின்றன. நான் இரண்டு முறை எண்ணினேன். காற்று திருப்பியிருக்க முடியாது. நூறு லிட்டர் டேங்க் அது. ஒவ்வொன்றின் ஸ்டாண்டையும் பன்னிரண்டு போல்ட் போட்டுத் தரையில் இறுக்கியிருந்தோம். யாரோ தண்ணீரை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, பல பேராகச் சேர்ந்து தூக்கித் திருப்பி, குழாயையும் மாற்றி இணைத்து, மறுபடி பன்னிரண்டு போல்ட்டையும் ஒழுங்காக முடுக்கியிருக்கிறார்கள். ஒரு வாஷர்கூடக் குறையவில்லை. வேலை சுத்தமாக இருந்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

இது தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூரைத் தாண்டிக் கன்னடப் பக்கம், ஆனேக்கல் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு லேஅவுட்டில் நடந்தது. நான் மர்பி டவுனில் வளர்ந்தவன். ஒரு தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வந்த பொருளையும் போகும் பொருளையும் எண்ணி, அளந்து, கையெழுத்துப் போடுவதே முப்பது வருடமும் என் வேலை. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் டீஸ்பூன்களை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று என் மகள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அவள் கணவர், என் மாப்பிள்ளை, பொம்மனஹள்ளியில் ஒரு ஷெட் எடுத்துச் சோலார் ஹீட்டர் செய்யத் தொடங்கியபோது, பொருத்திய இடங்களைப் போய்ச் சரிபார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் இதை விற்பது லேசான காரியமில்லை. வெயிலில் தண்ணீர் சுடும் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். அதற்கு ஏன் இவ்வளவு பெரிய சாமான் என்பார்கள். மழை நாளில் என்ன செய்வது, போர்வெல் தண்ணீரில் குழாய் உப்புப் படிந்து அடைத்தால் யார் வருவார்கள், பந்து பட்டுக் கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அந்த லேஅவுட்டில் மொத்தம் இருபத்துநான்கு வீடுகள். கட்டியவர் முதல் ஆறு வீட்டை முடித்து ஆட்களைக் குடியேற்றியிருந்தார். அந்தப் பக்கம் அப்போது மின்சாரம் இருந்த நேரத்தை விட இல்லாத நேரம்தான் நினைவில் நிற்கும். இருக்கும்போதும் விளக்கு மஞ்சளாக அழும். இருபத்துநான்கு வீட்டிலும் காலையில் ஒரே நேரத்தில் கீசர் போட்டால் டிரான்ஸ்பார்மர் தாங்காது என்று பயந்துதான் அவர் எங்களிடம் வந்தார். ஆறு வீட்டில் போடுங்கள், மார்கழிக் குளிரில் தண்ணீர் சுடுகிறதா என்று நானே கை வைத்துப் பார்ப்பேன், சுட்டால் மீதிப் பதினெட்டும் உங்களுக்கு என்றார். அந்தப் பதினெட்டு வந்தால் ஷெட் ஓடும். வராவிட்டால் மாப்பிள்ளை ஷெட்டைப் பூட்டிவிட்டு ஓசூர்ப் பக்கம் ஏதாவது கம்பெனியில் வேலை தேட வேண்டும். ஷெட்டில் குழாய் பற்றவைக்கும் நான்கு பேரும் வேறு இடம் பார்க்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும்.

மாசியில் பொருத்தினோம். கார்த்திகையில் புகார் வந்தது: ஆறு வீட்டிலும் தண்ணீர் சுடவில்லை. அதனால்தான் அன்று நான் ஏணியில் ஏறினேன்.

இந்த ஹீட்டரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி மூடிய ஒரு தட்டையான பெட்டி, அதற்குள் கறுப்புப் பூசிய ஒன்பது செம்புக் குழாய்கள். பெட்டி சரிவாகச் சாய்ந்திருக்கும். அதன் மேல் நுனியில் குறுக்காக ஒரு டேங்க் படுத்திருக்கும். குழாயில் சுட்ட தண்ணீர் தானே மேலேறி டேங்குக்குப் போகும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. ஒரே நிபந்தனைதான்: நம் ஊரில் கண்ணாடி முகம் தெற்கே பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது அல்லவா, அதற்காக. முகம் தெற்கே பார்த்துச் சரிந்தால், மேல் நுனியில் இருக்கும் டேங்க் வடக்கே வரும்.

கீழே இறங்கினேன். இரண்டாவது வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரர். பாதி தமிழ், பாதி கன்னடம், முழுக் குரலில் பேசுவார். அந்த ஆறு வீட்டுக்கும் அவர்தான் தலைவர் மாதிரி. யார் இதைத் திருப்பியது என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், "நாவே சார், நாங்கதான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நோடி, பாருங்க, மெஷினை உடைச்சோமா? இல்ல. தலைய மட்டும் மாத்திப் படுக்க வெச்சோம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். முதல் வீட்டில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி குடியிருந்தார்கள். மகனுக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. குடி வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அந்த அம்மாவின் கணவர் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து போய்விட்டார். புது வீடு, முதல் வீடு, முதல் சாவு. எல்லோரும் ஆடிப்போய்விட்டார்கள். என்ன குறை என்று ஒவ்வொருவரும் வாசலைப் பார்த்தார்கள், சமையலறையைப் பார்த்தார்கள், போர்வெல் இருந்த மூலையைப் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த மண்டியாப் பக்கத்துக்காரர் ஒருவர் மொட்டைமாடிக்குப் போய், இறங்கி வரும்போதே கேட்டாராம், மேலே யாரை வடக்கே தலை வைத்துப் படுக்கப் போட்டிருக்கிறீர்கள் என்று.

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். டேங்க் தலை. பெட்டி உடம்பு. ஸ்டாண்டின் முன்கால் இரண்டும் கால்கள். தலை வடக்கே. கண்டக்டர் சொல்லச் சொல்ல நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டால் அதை மறுபடி வெறும் ஹீட்டராகப் பார்க்க முடியவில்லை. நூற்றுக்கணக்கான ஹீட்டர்களைப் பார்த்தவன் நான். ஒரு நாளும் என் கண்ணுக்கு அதில் ஓர் ஆள் தெரிந்ததில்லை.

"எங்க ஊர்ல பெணத்தத்தான் சார் உத்தரக்கே, வடக்க, தல வெச்சுப் படுக்க வெப்போம். ஒவ்வொரு வீட்டு மேலயும் ஒரு பெணம். யார் தூங்குவாங்க அதுக்குக் கீழ?" என்றார் கண்டக்டர்.

பிளம்பரைக் கூப்பிட்டு, மற்ற ஐந்து வீட்டு ஆண்களும் சேர்ந்து, சித்திரை வெயிலில் ஆறையும் திருப்பியிருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லவில்லையே என்றேன். சொன்னால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், அதனால் சொல்லவில்லை என்றார். அதிலும் ஒரு நேர்மை இருந்தது.

வடக்கே பார்த்தால் தண்ணீர் சுடாது என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். திருப்பிய மறுநாளே கொதிக்கக் கொதிக்கச் சுட்டதாம். வைகாசியில் சுட்டதாம், ஆனியில் சுட்டதாம். "தெக்குதான் பாக்கணும்னு நீங்க சொன்னது சுள்ளு சார், பொய். இப்ப மெஷின்ல ஏதோ கெட்டுப் போச்சு. அதப் பாருங்க."

தண்ணீர் சுட்டது என்று அவர் சொன்னது உண்மை. சித்திரையில் நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு கொஞ்சம் வடக்கேயே போய்விடுகிறது. அந்த மாதங்களில் ஹீட்டர் எந்தப் பக்கம் பார்த்தாலும் சுடும். அவர்கள் தப்புச் செய்த மாதத்தில் தப்புச் செய்ததே தெரியாது. தெரிய வரும்போது பழி மெஷின் மேல் விழும். இப்படி ஒரு தப்பை யோசித்துத் திட்டமிட்டால்கூடச் செய்ய முடியாது.

அவர் வீட்டுக் காலண்டரையே கேட்டு வாங்கி, தட்சிணாயனம் என்று போட்டிருந்ததைக் காட்டினேன். ஆடியிலிருந்து சூரியன் தெற்கே போகிறது, பொங்கலன்றுதான் வடக்கே திரும்புகிறது, நீங்களே சங்கராந்தி என்று கொண்டாடுகிறீர்களே என்றேன். வாசலில் நின்ற மின்கம்பத்தின் நிழலைக் காட்டினேன். நடுப்பகலிலும் அது வடக்கே நீண்டு கிடந்தது. அவர் கேட்டுக்கொண்டார். முட்டாள் இல்லை. நிழலைக் காலால் அளந்துகூடப் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டி, "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்காகன்னா இப்பவே திருப்பிடுவேன். அந்த அம்மாவுக்காகச் செஞ்சது சார். புருஷனைப் பறிகொடுத்தவங்க தலை மேல மறுபடி அதையே வெக்க எங்க ஆறு வீட்டுல யாருக்கும் மனசு வராது" என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பி மாப்பிள்ளையிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். ஆறும் திருப்பியிருக்கிறது என்றதும் சிரிப்பு நின்றது. கையிலிருந்த செம்புக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, கட்டினவரு மார்கழி கடைசில வர்றாரு" என்றார்.

"தெரியும் மாப்பிள்ளை."

"குறுக்கால, கிழக்கு மேற்கா வெச்சாத் தலை பிரச்சினை இருக்காதுல்ல?"

பாதி நாள்தான் சுடும் என்றேன். அவர் குழாயை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அடுத்தடுத்த வாரங்களில் மூன்று முறை போனேன். மர்பி டவுனிலிருந்து அங்கே போக இரண்டு பஸ். முதல் வீட்டைத் தவிர மற்ற ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்து, சூரியனைப் பற்றிப் பேசினேன். ஐந்து வீடும் சூரியனை ஒப்புக்கொண்டது. ஐந்து வீடும் ஒரே பதிலைச் சொன்னது: அந்த அம்மாவுக்காக. அப்படியானால் அவரிடமே கேட்டுவிடலாமே என்றேன். கண்டக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. வருடம் திரும்பாத வீட்டில் போய், உங்கள் வீட்டுக்காரர் செத்த விஷயமாக ஒரு மெஷின் சந்தேகம் என்று கேட்பீர்களா என்றார். அது எனக்கும் கூசியது. கேட்காமலேயே திரும்பினேன்.

மூன்றாவது முறை போனபோது முதல் வீட்டுக் குளியலறைக் குழாயில் தண்ணீரின் சூட்டை அளக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். வாளியில் தண்ணீர் பிடித்து வெப்பமானியை விட்டேன். கிணற்றுத் தண்ணீரைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அவர் வாளியைப் பார்த்துவிட்டு, "இது எப்பங்கய்யா மறுபடி சுடும்? பையன் ஷிப்ட் முடிச்சு வந்து குளுந்த தண்ணியில குளிச்சுக் குளிச்சு இருமல் நிக்கல" என்றார்.

திருப்பி வைத்தால் நாளைக்கே சுடும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கேட்டார், ஏன் திருப்பவில்லை என்று. பொய் சொல்ல வரவில்லை. உங்களுக்காகத்தான், முதலில் வடக்கே தலை இருந்ததால் உங்கள் மனசு கஷ்டப்படும் என்று, என்றேன்.

அவர் கூடத்துக்கு நடந்து போய், சுவரோரம் ஓர் இடத்தைக் கையால் காட்டினார்.

"இங்கதாங்கய்யா அவரக் கெடத்தினாங்க. எங்க பக்கம் தெக்கதான் தல வெப்பாங்க. இந்தப் பக்கம் தல, அந்தப் பக்கம் காலு. வெள்ள வேட்டி போத்தி." மூச்சு வாங்கிக்கொண்டார். "மொதல்ல அது எப்படி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. நான் பாக்கல. சித்திரையில இவுங்க திருப்பி வெச்சுட்டு, அம்மா இனிமே பயமில்ல, வந்து பாருங்கன்னு கூட்டிட்டுப் போனாங்க. மேல போனேன். அவரக் கெடத்தின மாதிரியே கெடக்குது. தெக்க தல. அன்னைக்கு எறங்கினவதான். இதுவரைக்கும் மேல போவல."

இதை யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"எனக்காகன்னு அந்த வெயில்ல ஆறு ஆம்பளைங்க தூக்கி வெச்சாங்க. முதுகெல்லாம் வேர்வ. அவுங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

ஆறு மாதத்துக்கு மேல் அந்த அம்மா அந்த உருவத்துக்குக் கீழே படுத்து எழுந்திருக்கிறார். சுற்றி ஐந்து வீடும் அவருக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதியில் குளிர்ந்த தண்ணீரில் குளித்திருக்கிறது. நான் அவர் அனுமதியோடு கண்டக்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றுகொண்டே கேட்டார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "தெக்கவா?" என்று கேட்டார். ஆமாம், தர்மபுரிப் பக்கம் அப்படித்தான் என்றேன். நாற்பது கிலோமீட்டர், ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு பழக்கம் மாறும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. எல்லை தாண்டி ஓடும் பஸ்ஸில் வேலை பார்த்தவர். இருந்தும் சாவன்று கூடத்தில் அவர் திசையைக் கவனிக்கவில்லை. பிணம் எந்தப் பக்கம் படுக்கும் என்பதில் இரண்டு வழி இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. நானும்தான்.

"யாரும் கேக்கலயே சார்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

அடுத்த ஞாயிறே திருப்பினார்கள். எங்கள் ஷெட் ஆட்கள் நான்கு பேரும், மாப்பிள்ளையும், அந்த வீட்டு ஆண்களும். கண்டக்டர் ஒவ்வொரு போல்ட்டையும் தானே முடுக்கினார். மூன்று நாள் நல்ல வெயில். நான்காம் நாள் போய்த் தண்ணீரைத் திறந்தேன். விரல் வைக்க முடியவில்லை.

மார்கழி கடைசியில் கட்டியவர் வந்தார். முதல் வீட்டுக் குழாயைத் திறந்து கையை நீட்டி, உஸ் என்று இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். எனக்கும் நெஞ்சுக்குள் பதினெட்டு என்ற எண் ஒருமுறை ஓடியது. ஆனால் அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது வேறு. தண்ணீர் சுடுவது சரி, வாங்க வருகிறவர்கள் எல்லாம் சாவு வீடு எது, மேலே படுத்திருப்பது எது என்றுதான் கேட்கிறார்கள். ஊரெல்லாம் பேச்சு பரவிவிட்டது. நான் வீடு விற்க வேண்டாமா, கீசருக்கே வயர் இழுத்துவிடுகிறேன் என்றார். மாப்பிள்ளையின் கை சட்டைப் பையில் எதையோ தேடுவது போல அலைந்தது. சுட்டால் போதும் என்றுதானே சொன்னார். சுட்டது. சுட்டும் போதவில்லை.

கண்டக்டர்தான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்குபவர்களை எல்லாம் வரச் சொல்லுங்கள், வந்து பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யுங்கள் என்று கட்டியவரிடம் மல்லுக்கு நின்றார். வந்தார்கள். மாடியில் கூட்டம். நான் குழாய், கண்ணாடி, சூரியன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லோர் கண்ணும் டேங்கின் மேல். கடைசியில் ஓசூரிலிருந்து வந்த ஒரு பெண், அவர் கணவர் தடுக்கத் தடுக்க, கேட்டேவிட்டார்: "இத வெச்சதாலதான் இங்க ஒருத்தர் போயிட்டாராமே?"

ஏணிப் பக்கம் ஒரு குரல் கேட்டது. முதல் வீட்டு அம்மா மேலே வந்திருந்தார். அவர் ஏறியதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"போனது எங்க வீட்டுக்காரருங்க. அவருக்கு ரெண்டு வருசமாவே நெஞ்சு வலி. டாக்டரு பீடிய விடுன்னாரு, விடல. அவரு போனதுக்கு இது என்ன பண்ணும்?" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தே, "இத எந்தப் பக்கம் வெச்சாலும் எனக்கு அவரு மாதிரிதான் தெரியும்மா. அது என் கண்ணு. நீ எதுக்குக் குளுந்த தண்ணியில குளிக்கிற?" என்றார்.

கட்டியவர் தொண்டையைச் செருமினார். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆனேக்கல் பக்கம் பார்த்தார். திருப்பி வைத்ததும் அவர் பாரம் இறங்கிவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

கட்டியவர் கடைசியில் ஒரு வழி சொன்னார். வாங்குபவர் விருப்பம், கேட்பவருக்கு சோலார், கேட்காதவருக்கு கீசர். பதினெட்டில் பதினொரு பேர் கேட்டார்கள். அந்த ஓசூர்ப் பெண்ணும் அதில் ஒருவர். ஷெட் மூடவில்லை. நான்கு பேரும் வேலையில் இருந்தார்கள். மாப்பிள்ளை எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

நான் மாசியில் போய்ப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திசைகாட்டி வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் தெற்கே பார்த்தன. வேலை முடிந்தும் இறங்க மனம் வரவில்லை. மீதி ஏழு மாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று அந்தப் பக்கம் கரண்ட் இல்லை. ஏழு வீட்டுக் குளியலறையிலும் கீசர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மேலே ஏழு மொட்டைமாடிச் சிமெண்டில் வெயில் யாருக்கும் வேண்டாமல் காய்ந்துகொண்டிருந்தது.